தம்பாங்: அங்கே சுரங்கம், இங்கே பஸ் காசு

இந்தோனேசியாவில் ‘தம்பாங்’ என்றால் சுரங்கம். மலாக்கா நீரிணையைத் தாண்டி இந்தப் பக்கம், மலேசியாவுக்கு, வந்தால் அதே சொல்லுக்குப் பயணக் கட்டணம் என்று பொருள். பஸ் தம்பாங், டாக்சி தம்பாங். இந்தோனேசியாவின் பங்கா தீவுக்காரரான நண்பர் ஒருவர் ஈப்போவில் என்னோடு பஸ் ஏறினார். ஓட்டுநருக்குப் பின்னால் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு என் முழங்கையைத் தட்டினார். சரியான தம்பாங்கைக் கையில் தயாராக வைத்திருக்கவும் என்று அதில் போட்டிருந்தது. “பஸ் ஏற ஒரு சுரங்கமே கேட்கிறார்களே அபாங், உங்கள் ஊரில் அவ்வளவு வசதியா?” என்றார். அபாங் என்றால் அண்ணன். அவருடைய அப்பா ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்த வீட்டுக்குச் சோறு போட்ட சொல் அது.

அதற்கப்புறம்தான் எனக்கு இந்தச் சுரங்கச் சொற்கள் மேல் கிறுக்குப் பிடித்தது. பேராக் மாநிலத்தில் வளர்ந்தவனுக்கு இவை புதியவை அல்ல. ஆனால் காதில் விழுந்துகொண்டே இருக்கும் சொல்லை யார் உற்றுக் கவனிக்கிறார்கள்? எங்கள் பக்கம் பெரிய அளவில் ஈயம் எடுப்பது நின்று ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தொழிலில் இருந்த மனிதர்கள் வேறு வேலைக்குப் போனது போலவே அதன் சொற்களும் வேறு வேலை தேடிக்கொண்டு போயிருக்கின்றன.

முதலில் தம்பாங். இந்தோனேசிய அகராதியைத் திறந்தால் சுரங்கம் ஒரு தனிச் சொல், அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகு இன்னொரு சொல், தடித்த கயிறு மூன்றாவது சொல். எழுத்தும் உச்சரிப்பும் மூன்றுக்கும் ஒன்றுதான். ஜாவா மொழியிலும் தம்பாங் என்றால் கயிறு. ஆகஸ்ட் 17, இந்தோனேசிய சுதந்திர நாளில், தெருவுக்குத் தெரு கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். அதன் பெயர் ‘தாரிக் தம்பாங்’. மலேசியாவில் அதே போட்டிக்கு ‘தாரேக் தாலி’ என்போம். இங்கே போய் ‘தம்பாங்கை இழு’ என்றால் பஸ் கட்டணத்தைப் பிடித்து இழுக்கச் சொல்வதாகத்தான் அர்த்தமாகும்.

கயிறும் படகும் எப்படிச் சேர்ந்திருக்கும் என்பதை சுராபாயாவில் இன்றும் பார்க்கலாம். நகரத்துக்கு நடுவே ஓடும் ஆற்றில், இக்கரைக்கும் அக்கரைக்கும் குறுக்கே கயிறு கட்டியிருப்பார்கள். தட்டையான மரப்படகு. படகுக்காரர் நின்றபடியே கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுக்க, படகு நகரும். ஆட்களோடு மோட்டார் சைக்கிள்களும் அதில் ஏறிக்கொள்ளும். யாரும் இறங்கக்கூட மாட்டார்கள், வண்டியில் உட்கார்ந்தபடியே அக்கரை சேர்வார்கள். இதற்குப் பெயர் தம்பாங்கான். கயிறு, கயிற்றால் இழுக்கும் படகு, அந்தப் படகுக்குக் கொடுக்கும் காசு என்று சொல் மெல்ல நகர்ந்திருக்கிறது என்பதே என் கணக்கு. தமிழில் ஓடக்கூலி என்கிறோமே, அதேதான். ஓடம் போய் பஸ் வந்தது, கூலியின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சரவாக்கில் இன்னும் ஒரு படி பின்னாலேயே நிற்கிறார்கள். கூச்சிங் ஆற்றங்கரையில் கூரை போட்ட சின்ன மரப்படகுகள் அக்கரைக் கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, போய் வருகின்றன. அவற்றைத் தம்பாங் என்றே சொல்கிறார்கள். திரெங்கானுவில் ஆற்றைக் கடக்கும் படகு ‘பெனம்பாங்’. இதைத்தான் என் பங்கா நண்பரால் தாங்க முடியவில்லை. அவர் ஊரில் பெனம்பாங் என்றால் சுரங்கத் தொழிலாளி!

சுரங்கமும் இந்தக் கயிற்றிலிருந்துதான் வந்தது, குழிக்குள் கயிறு கட்டி இறங்கினார்கள் அல்லவா என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மலாய் உலகத்து ஈயம் பெரும்பாலும் ஆற்று வண்டலில் கிடந்தது. மேல் மண்ணை வெட்டி ஒதுக்கிவிட்டு, அகலமாகத் தோண்டி, தண்ணீர் விட்டு அலசி எடுக்க வேண்டியதுதான். கோலார் மாதிரிப் பாதாளத்துக்குள் இறங்கிய இடங்கள் குறைவு. கூடை சுமந்து சரிவில் நடந்து ஏறுகிறவனுக்குக் கயிறு எதற்கு?

மலேசியாவில் சுரங்கத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் சொல் ‘லோம்போங்’. எங்கள் தமிழில் அது ‘லம்பம்’. ‘ஈய லம்பம்’ என்று பெரியவர்கள் சொல்லும்போது அதைத் தூய தமிழ்ச் சொல் என்றே யாரும் நினைத்துக்கொள்வார்கள். ‘கம்போங்’ எங்கள் வாயில் கம்பம் ஆன அதே வழியில்தான் லோம்போங் லம்பம் ஆகியிருக்கிறது. அந்த ‘ஓங்’ ஒலியைக் கழற்றிவிட்டு ஒரு ‘அம்’ போட்டால் போதும், வேற்றுமை உருபெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். லம்பத்தில், லம்பத்துக்கு, லம்பத்துக் குட்டை. இத்தனைக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் இருந்தது ரப்பர்த் தோட்டங்களில். ஈயம் முக்கியமாகச் சீனர்களின் தொழில். தோட்டத்து எல்லை முடியும் இடத்தில் லம்பம் தொடங்கும், அவ்வளவுதான் பழக்கம். ஆனாலும் சொல் வேலியைத் தாண்டி வந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு அது பயமுறுத்தும் சொல். லம்பம் மூடிய பிறகு பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து குட்டையாகிவிடும். கரை சரிவாக இருக்காது, ஒரு அடி வைத்தால் முழங்கால், அடுத்த அடியில் ஆளே காணாமல் போகும் ஆழம். “குட்டைப் பக்கம் போனே, காலை ஒடிச்சிருவேன்” என்பது எங்கள் தலைமுறை தாய்மார்கள் எல்லோருக்கும் பொதுவான வசனம். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கின் மேல் விமானத்தில் போகிறவர்கள் சன்னலோரம் உட்கார்ந்தால் இந்தக் குட்டைகளைப் பச்சையும் நீலமுமாகப் பார்க்கலாம். சில குட்டைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. 1880இல் தைப்பிங்கில் பழைய லம்பங்களைப் பூங்காவாக்கினார்கள், இன்றைக்கும் ஊர் அங்கேதான் நடைப்பயிற்சி போகிறது. கோலாலம்பூருக்குத் தெற்கே ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயர் வாங்கிய பள்ளம், இப்போது ஏரிக்கரை ஹோட்டலும் கடைத்தொகுதியுமாக இருக்கிறது.

தைப்பிங்கின் பழைய பெயரிலேயே சுரங்கம் உண்டு. கிளியான் பாவ். ‘கிளியான்’ என்பது தோண்டி எடுக்கும் இடம். ‘காலி’, அதாவது தோண்டு என்ற வினையின் உறவுக்காரச் சொல். பக்கத்திலிருக்கும் கமுண்டிங்குக்கு கிளியான் பாரு, புதுச் சுரங்கம் என்று பெயர். லாருட் என்ற யானை காணாமல் போய்த் திரும்பி வந்தபோது காலில் ஒட்டியிருந்த சேற்றில் ஈய மணல் இருந்தது, அப்படித்தான் அங்கே ஈயம் இருப்பது தெரிந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையை விடுங்கள். அந்த ஈயத்துக்காக ஹாய் சான், கீ ஹின் என்ற இரண்டு சீனக் குழுக்கள் 1861இலிருந்து விட்டு விட்டு வெட்டிக்கொண்டன. 1874இல் பங்கோர் உடன்படிக்கை வந்து, ஆங்கிலேயர் உள்ளே நுழைந்து, ஊருக்கும் பெயர் மாறியது. தைப்பிங் என்றால் சீனத்தில் நிலையான அமைதி. தோண்டுகிற ஊர் அமைதியான ஊரானது இப்படித்தான்.

ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ரயில் போட்டார்கள். மலாயாவின் முதல் ரயில். போர்ட் வெல்ட் இன்றைக்கு கோலா செபெத்தாங். தண்டவாளமும் இல்லை, நிலையமும் இல்லை. பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது, ரோமன், ஜாவி (மலாய் எழுதும் அரபு எழுத்து), சீனம், தமிழ் என்று நான்கு எழுத்திலும். லம்பத்துக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களை அங்கே கூட்டிப்போய் நிறுத்தலாம்.

சரி, ஈயம் எடுக்கும் வேலை எப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் அடுத்த இரண்டு சொற்கள் விளங்காது. கம்பாரில் இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, போனால் நிதானமாகப் பாருங்கள். பள்ளத்தின் சுவரில் பெரிய குழாய் முனையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். மண் கரைந்து சேறாக ஓடி ஒரு குழியில் சேரும். அங்கிருந்து பம்பு அந்தச் சேற்றை மேலே உறிஞ்சி ஏற்றும். மேலே என்றால், சாரம் கட்டி நிறுத்திய நீண்ட மரக் கால்வாய் ஒன்றின் தலைப்பகுதிக்கு. அங்கிருந்து சேறு சரிவில் ஓடி இறங்கும். கால்வாயின் அடியில் குறுக்கே சட்டங்கள் அடித்திருக்கும். சாதாரண மணல் தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் எடை, ஈயத் தாது ஏறக்குறைய ஏழு மடங்கு. அதனால் மணல் சட்டத்தைத் தாண்டிப் போய்விடும், ஈயம் சட்டத்தின் காலடியில் கருப்பாகப் படிந்துவிடும். அப்புறம் பம்பை நிறுத்திவிட்டு, ஆட்கள் கால்வாய்க்குள் இறங்கி, படிந்ததைக் கிளறிக் கழுவி அள்ளுவார்கள்.

இந்த மரக் கால்வாய்தான் ‘பாலோங்’. மலாய் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி என்று பொருள். மரத்தைக் குடைந்து செய்த தொட்டி. அது கிந்தாவில் சாரம் ஏறி ஈயம் அலசியது. இந்தோனேசியாவில் அதே சொல் கடலுக்கடியில் போய்விட்டது. உலகின் மிக ஆழமான மரியானா அகழிக்கு அவர்கள் பள்ளிப்புத்தகத்தில் ‘பாலுங் மரியானா’ என்றுதான் பெயர். மாட்டுத் தொட்டிக்கு இதைவிடப் பெரிய பதவி உயர்வு கிடைக்காது.

பாலோங்கில் சிக்காமல் தப்பிய ஈயம் கழிவு மணலோடு ஓடையில் போகும். அதைப் பிடிக்கப் பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலும் சீனப் பெண்கள். முகத்தை மறைக்கும் துணி, அதன் மேல் அகன்ற தொப்பி, முழங்கால் தண்ணீர், கையில் ‘டூலாங்’. டூலாங் என்பது மரத்தில் செதுக்கிய வட்டத் தட்டு, நடுவில் குழிந்திருக்கும். மணலை அள்ளி, தட்டைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் வைத்து, மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றி ஒரு பக்கம் சாய்ப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வெள்ளை மணல் விளிம்பு வழியாக வழிந்து போகும். கடைசியில் குழியில் ஒரு பிடி கருப்பு நிற்கும். நம் வீட்டில் அரிசியில் கல் அரிக்கிற அதே வித்தைதான், அங்கே கல்லைக் கீழே நிறுத்தி அரிசியை எடுப்போம், இங்கே எது நிற்கிறதோ அதுதான் காசு. இந்த வேலைக்கு அரசாங்கத்திடம் உரிமம் வாங்க வேண்டும். நாள் முழுக்க முதுகு வளைந்து நிற்க வேண்டும்.

அதே டூலாங்தான் மலாய் வீட்டில் சாப்பாடு பரிமாறும் தட்டு. டூலாங்கில் தண்ணீரை அடித்தால் தன் முகத்தில்தான் தெறிக்கும் என்று பழமொழியே உண்டு. சொந்தக்காரனைப் பற்றி ஊரில் தூற்றுகிறவனுக்குச் சொல்வது. அண்ணாந்து துப்பாதே என்று நாம் சொல்வதுபோல. ஆனால் இந்தோனேசியப் பத்திரிகைகளில் டூலாங் வேறு ஓட்டம் ஓடுகிறது. ‘மெண்டூலாங்’ என்றால் தட்டில் அலசித் தங்கம் எடுப்பது. பேட்மிண்டன் வீரர்கள் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றால் ‘தங்கம் மெண்டூலாங் செய்தார்கள்’ என்று தலைப்பு போடுவார்கள். தேர்தல் நேரத்தில் கட்சிகள் ஓட்டு மெண்டூலாங் செய்கின்றன. ஓட்டுக்கு இந்த உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஊரையே கலக்கிச் சேறாக்கி அலசினால்தானே அதுவும் கிடைக்கிறது.

இத்தனை சொற்கள் இருந்தும், லம்பத்துக்குள் இறங்கிவிட்டால் பல சொற்களை வாயால் சொல்லக்கூடாது. அந்தக் காலத்து மலாய் லம்பங்களில் ‘பாவாங்’ என்ற மந்திரவாதி வைத்ததுதான் சட்டம். குடை விரிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. 1880களில் கிந்தாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஈயத்துக்கு உயிர் உண்டு, அது வளரும், இடம் மாறும், எருமை உருவத்தில்கூட வரும் என்று நம்பினார்கள். கோபித்துக்கொண்டால் இன்னொரு பள்ளத்தாக்குக்குப் போய்விடும். அதனால் அதன் காதில் விழக்கூடாத பெயர்களுக்கு மாற்றுப் பெயர் வைத்தார்கள். யானையை யானை என்று சொல்லக்கூடாது, ‘உயரமாய்ச் சுற்றித் திரிவது’ என்று சொல்ல வேண்டும். பூனை ‘அடுப்படியில் சுற்றித் திரிவது’. பாம்பு ‘உயிருள்ள கொடி’. ராத்திரியில் பாம்பைப் பூச்சி என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஈயத்தின் மலாய்ப் பெயர் ‘தீமா’. வெள்ளைத் தீமா, கருப்புத் தீமா என்று இரண்டு. நம் வெள்ளீயம், காரீயம் போலவே இரண்டையும் அண்ணன் தம்பியாக்கி நிறத்தை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அந்த வெள்ளீயம் இந்தப் பக்கத்திலிருந்து மேற்கே போன பாதையில் இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபுப் பயணிகள், கலா என்ற துறைமுகத்து ஈயத்தைப் புகழ்ந்து எழுதினார்கள். அரபியில் வெள்ளீயத்துக்கு ‘கலயீ’ என்றே பெயர். அந்தக் கலாவை இன்றைய கெடாவாக, அதாவது ராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரமாகப் பார்க்கும் ஆய்வாளர்கள் நிறைய உண்டு. கலயீ உருது வழியாகத் தமிழுக்கு வந்து ‘கலாய்’ ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுவது அதுதான். நண்பர்களைக் கலாய்ப்பதற்கும் இதற்கும் உறவு தேடிக்கொண்டு யாரும் பின்னூட்டம் போட வேண்டாம்.

எதிர்த் திசையில் போன சொல்லும் உண்டு. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோம். அந்த ‘மாற்று’, பேச்சில் ‘மாத்து’, மலாய்க்குப் போய் ‘முத்து’ ஆனது. தங்கத்தின் தரத்தை அளக்கும் சொல்லாகவே போனது. ‘பத்து முத்து’ தங்கம் என்றால் அங்கே சுத்தத் தங்கம். அப்புறம் தங்கத்தை விட்டு இறங்கி எல்லாப் பொருளுக்கும் வந்துவிட்டது. இன்றைக்கு மலேசியத் தொழிற்சாலைகளில் ‘காவாலான் முத்து’ என்று பலகை மாட்டியிருந்தால் அது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்கள் அந்தப் பலகையின் கீழே தினமும் நடந்து போகிறார்கள். ஈயம் வாரும் மிதவைக் கப்பலுக்கு மலாயில் ‘காப்பால் கோரேக்’ என்று பெயர், அந்தக் காப்பாலும் நம் கப்பல்தான். தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய அப்படி ஒரு கப்பல் இன்னும் இருக்கிறது. 4,500 டன் எடை. 1982 வரை தன் குளத்தைத் தானே தோண்டிக்கொண்டு அதிலேயே மிதந்து நகர்ந்தது. உள்ளே ஏறிப் பார்க்கலாம்.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை விழுந்தது. விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த சர்வதேச ஈய மன்றம் கையில் பணம் இல்லாமல் நின்றது. லண்டன் சந்தையில் ஈய வியாபாரத்தையே நிறுத்தினார்கள். கிந்தாவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலோங்குகள் நின்றன. பங்காவிலும் அதன் பக்கத்துத் தீவான பெலித்துங்கிலும் கதை வேறு. அங்கே இன்றும் எடுக்கிறார்கள். பெலித்துங்கின் பெயர் ஒரு டச்சு நிறுவனத்தின் வாயில் 1860இல் பில்லிட்டன் ஆகி, 2001இல் ஆஸ்திரேலியாவின் பி.எச்.பி. சுரங்க நிறுவனத்தோடு சேர்ந்து உலகம் சுற்றியது. 2018இல் அந்த நிறுவனம் பெயரிலிருந்து பில்லிட்டனைக் கழற்றிவிட்டது.

பங்காவில் லம்பத்துக் குட்டைக்கு ‘கோலோங்’ என்று பெயர். மற்ற இந்தோனேசியர்களுக்குக் கோலோங் என்றால் கட்டிலுக்கு அடியில், பாலத்துக்கு அடியில் இருக்கும் இடம். ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகளைக் ‘கோலோங் பிள்ளைகள்’ என்பார்கள், கட்டிலுக்கு அடியில் பிறந்தவர்கள் என்று. என் நண்பர் ஊரில் குளிப்பது, துவைப்பது, மீன் பிடிப்பது எல்லாமே கோலோங்கில். குழந்தைகள் மூழ்குவதும் அங்கேதான். 2000க்குப் பிறகு அங்கே ‘தி.இ.’ என்ற சுருக்கெழுத்து பிரபலமாகிவிட்டது. தம்பாங் இன்கொன்வென்சியோனால். வழக்கத்துக்கு மாறான சுரங்கம் என்று பவிசாகப் பெயர். ஒரு பம்பு, ஒரு குழாய், நான்கைந்து ஆட்கள், அவ்வளவுதான். கரையில் தோண்டி முடித்தவர்கள் டிரம்களைக் கட்டி மிதக்கவிட்டுக் கடலுக்குள்ளும் போய்விட்டார்கள். கடலடி கலங்கினால் மீனுக்கு என்ன ஆகும் என்று மீனவர்கள் சண்டை போடுகிறார்கள். அதில் சில வீடுகளில் அண்ணன் மீனவர், தம்பி பெனம்பாங்.

கணினிக்காரர்கள் வந்தபோது இரண்டு நாடும் பழைய சொற்களையே எடுத்துக்கொடுத்தன. தரவுகளைத் தோண்டி ஆராய்வது இந்தோனேசியாவில் ‘பெனம்பாங்கான் டாட்டா’, மலேசியாவில் ‘பெர்லோம்போங்கான் டாட்டா’. அப்புறம் பிட்காயின் வந்தது. மின்சாரத்தைத் திருடிப் பிட்காயின் லோம்போங் நடத்தியவர்களிடமிருந்து பறித்த 1,069 இயந்திரங்களை, 2021இல் மீரி போலீஸ்காரர்கள் தரையில் வரிசையாகப் பரப்பி, ரோடு ரோலர் ஏற்றி நொறுக்கினார்கள். அந்த வீடியோவை நண்பருக்கு அனுப்பினேன். மீரியும் சரவாக்கில்தான், அங்கே தம்பாங் என்றால் படகு, நொறுங்குவது லோம்போங் என்று விளக்கமும் எழுதினேன். அவர் திருப்பி எழுதியது ஒரே வரி: அந்த இரும்பு கிலோ என்ன விலைக்குப் போச்சு, அபாங்?